வந்த அணிக்கும் கைத்தட்டல்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிட்டால் உள்ளூர்க்காரர் யார், வெளியூர்க்காரர் யார் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒரு சந்தில் மீன்கடைகள். இன்னொரு பக்கம் நேந்திரங்காய் சிப்ஸும் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும். சற்றுத் தள்ளி வடகிழக்கு மாநிலத்தவர் தேடிவந்து வாங்கும் மூங்கில் குருத்து. வெளிநாட்டுத் தூதரகங்களுக்குச் சமைப்பவர்கள் இங்கேதான் சாஸ் பாட்டிலும் சீஸும் வாங்குகிறார்கள். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஆனாலும் பேரம் பேசுவதில் ஒருவரும் விருந்தாளி இல்லை.

மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் தியாகராஜ் விளையாட்டரங்கம் இருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டிகளில் நெட்பால் ஆட்டங்கள் நடந்த இடம். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். மார்க்கெட்டின் குணம் அந்த ஸ்டேடியத்துக்கும் உண்டு. ஐ.எஸ்.எல். கால்பந்தில் டெல்லி டைனமோஸ் அணியின் சொந்த மைதானமாக அது இருந்த காலத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட வரும் நாட்களில் கேலரியில் மஞ்சள் சட்டைகள்தான் கண்ணில் படும். 2016 டிசம்பர் 14 அன்று நடந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கேரள அணி பெனால்டி ஷூட்-அவுட்டில் டெல்லியை வீழ்த்தியது. தோற்றது சொந்த ஊர் அணி, குதித்தது தலைநகரத்து மலையாளிகள். பிறகு அந்த டெல்லி அணியே 2019இல் புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிஷா எஃப்.சி. ஆகிவிட்டது. 2023இல் ஐ.எஸ்.எல்.லுக்கு முன்னேறி வந்த பஞ்சாப் எஃப்.சி. தன் சொந்த மைதானமாகத் தேர்ந்தெடுத்ததும் இதே டெல்லி ஸ்டேடியத்தைத்தான்!

தன் ஊர் அணி வந்தால் தன் ஊர்க்காரர்கள் கத்துவதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. நமக்குச் சம்பந்தமில்லாத, நம்மைத் தோற்கடிக்க வந்திருக்கிற அணியை ஒரு கூட்டம் எப்படி நடத்துகிறது என்பதுதான் சங்கதி.

அதற்கும் டெல்லியில் உதாரணம் உண்டு. 2023 உலகக்கோப்பை கிரிக்கெட்டில் அக்டோபர் 11 அன்று கோட்லா மைதானத்தில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் ஆடின. ஆப்கன் பந்துவீச்சாளர் நவீன்-உல்-ஹக் அதே ஆண்டு மே மாதம் லக்னோவில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் விராட் கோலியோடு உரசியவர். டெல்லிக் கூட்டம் அதை மறக்கவில்லை. நவீன் பந்தைத் தொட்டாலே "கோலி, கோலி" என்று கேலிக் கூச்சல். கோலி பிறந்து வளர்ந்த ஊர். அவர் பெயரிலேயே ஒரு பெவிலியன் இருக்கும் மைதானம். அவரே கையசைத்துக் கூச்சலை நிறுத்தச் சொன்னார். இருவரும் கை குலுக்கிக் கட்டிக்கொண்டார்கள். நான்கே நாள் கழித்து அதே மைதானத்தில் ஆப்கானிஸ்தான் நடப்புச் சாம்பியன் இங்கிலாந்தை 69 ரன் வித்தியாசத்தில் வென்றபோது, கூட்டம் ஆப்கன் அணியைத் தன் அணிபோல் கொண்டாடியது. ஆப்கன் அகதிகள் ஏராளமாக வாழும் லாஜ்பத் நகரும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆட்ட நாயகன் முஜீப், ஹெராத் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வெற்றியை அர்ப்பணித்தார்.

அதே மாதம் 23ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டில் வென்றது. வீரர்கள் மைதானத்தைச் சுற்றிவர, சென்னை ரசிகர்கள் எழுந்து ஆர்ப்பரித்தார்கள். வர்ணனைக்கு வந்திருந்த இர்பான் பதான், ஆப்கன் வீரர் ரஷித் கானோடு மைதானத்திலேயே நடனமாடினார்.

ஆனால் இந்தக் கைத்தட்டல்களில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இங்கிலாந்தோ பாகிஸ்தானோ தோற்றதில் நமக்கு நஷ்டமில்லை. சின்ன அணி பெரிய அணியைச் சாய்த்தால் யாருக்கும் பிடிக்கும். நம் அணி தோற்று, வயிறு எரியும் அந்த நிமிடத்தில் எதிரணிக்குக் கை தட்டினால்தான் அது கணக்கு. அப்படிப் பார்த்தால் பேச்சு 1999க்குத்தான் போக வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்த வருடம் அது. எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஜனவரி தொடக்கத்தில் சிவசேனைக்காரர்கள் டெல்லி கோட்லா மைதானத்தின் பிட்சையே தோண்டிப் போட்டார்கள். டெல்லியில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. சேப்பாக்கத்துக்கு அந்த ஆட்டம் கிடைத்ததே டெல்லியில் நடந்த அட்டூழியத்தால்தான்.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, நான்காம் நாள். இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட் 82 ரன்னுக்குப் போய்விட்டது. முதுகுவலியோடு நின்ற சச்சின் டெண்டுல்கர், நயன் மோங்கியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் திருப்பினார். இன்னும் 17 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் சக்லைன் முஷ்தாக் பந்தில் வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்து 136 ரன்னில் ஆட்டமிழந்தார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்னில் சரிந்தன. பாகிஸ்தானுக்கு 12 ரன் வெற்றி.

கேலரிகள் ஒரு கணம் உறைந்துபோயின. பிறகு ஒரு பகுதியில் தொடங்கிய கைத்தட்டல் மைதானம் முழுக்கப் பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வந்த வழியே போகத் தயாரான பாகிஸ்தான் வீரர்கள் திரும்பி, மைதானத்தைச் சுற்றி ஓடி அதை ஏற்றுக்கொண்டார்கள். அக்ரம் உட்பட அந்த அணியில் ஆடியவர்கள் இன்றும் பேட்டிகளில் அந்த நாளைச் சொல்கிறார்கள்.

சேப்பாக்கத்துக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. 1997 மே 21 அன்று சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ரன் அடித்து விவியன் ரிச்சர்ட்ஸின் 189 ரன் உலக சாதனையைத் தாண்டியபோதும் இதே கேலரிகள் எழுந்து நின்றன. பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு டெஸ்ட் பார்க்கப் போய்ப் பழகிய ஊர். வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டு ஃபீல்டிங் வியூகத்தை மனசுக்குள் வரைந்து வளர்ந்த ஊர். நல்ல பந்து எது என்று தெரிந்தவனுக்கு அதை வீசியது யார் என்பது இரண்டாம் பட்சமாகிவிடும். நல்ல மனசு என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது; ஆட்டத்தைப் படித்த பழக்கமும் அதில் பாதி.

அடுத்த வாரம் டெல்லி. ஒட்டுப்போட்ட பிட்சில் அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் வீழ்த்த, இந்தியா வென்றது. அதே பிப்ரவரியில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஆட்டம். ஓடும்போது ஷோயப் அக்தரோடு மோதி டெண்டுல்கர் ரன்-அவுட் ஆனார். மைதானத்துக்குள் பாட்டில்கள் பறந்தன. டெண்டுல்கரே வெளியே வந்து அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி நாளில் போலீஸ் கூட்டத்தை வெளியேற்றிவிட, காலியான கேலரிகளுக்கு நடுவே பாகிஸ்தான் வென்றது. சென்னை ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எதிரணியும் அதேதான். கொல்கத்தாக்காரர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே மேலே சொன்ன காரணம் மட்டும் போதாதுதான்.

எதிரணிக்குக் கை தட்டுவதைக் கூட்டத்தின் மனநிலைக்கு விட்டுவிடாமல் வழக்கமாகவே மாற்றிக்கொண்ட ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் விளையாட்டு. சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அணிகள் மோதும். சிறு நகரங்களில் அது திருவிழா. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் உள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துவருகிறது. ஆட்டம் முடிந்து எதிரணி வெளியேறும்போது, வென்றாலும் தோற்றாலும், சிவப்புச் சட்டை அணிந்த உள்ளூர் ரசிகர்கள் கை தட்டி அனுப்புவார்கள். தாத்தா தட்டியதைப் பார்த்துப் பேரன் தட்டுகிறான், அவ்வளவுதான் விதிமுறை. பக்கத்து மாநிலமான அயோவாவில் மைதானத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2017 முதல், முதல் கால்பகுதி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறது. எதிரணி வீரர்களும் சேர்ந்து அசைக்கிறார்கள்.

இந்தியாவில் அப்படி ஒரு வழக்கம் வேர்விடவில்லை. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா தோற்றதும் ரசிகர்கள் நடையைக் கட்டினார்கள். ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸ் கோப்பையை வாங்கியபோது உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் மைதானத்தில் பெரும்பாலான இருக்கைகள் காலி. சோகத்தில் எழுந்து போவது குற்றமில்லை. ஆனால் சேப்பாக்கத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களின் சோகமும் சின்னதல்ல.

சென்னையில் தட்டியது வீண்போகவில்லை. 2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தான் போனது. மார்ச் 13, கராச்சி. இந்தியா 349 எடுக்க, பாகிஸ்தான் விரட்டி வந்து ஐந்தே ரன்னில் தோற்றது. கராச்சி ரசிகர்கள் எழுந்து நின்று இந்திய அணிக்குக் கை தட்டினார்கள். எல்லை தாண்டிப் போன இந்திய ரசிகர்களிடம் லாகூர் கடைக்காரர்கள் காசு வாங்க மறுத்ததாக அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. அந்தத் தொடரில் பாகிஸ்தான் கூட்டம் தத்தெடுத்துக்கொண்டவர் டெண்டுல்கர் இல்லை. சென்னைப் பையன் லட்சுமிபதி பாலாஜி. கடைசியில் இறங்கி ஷோயப் அக்தர் பந்தை சிக்ஸருக்குத் தூக்கினார். எதற்கெடுத்தாலும் வாய் நிறையச் சிரித்தார். பிரபலமான ஒரு இந்திப் படப் பாட்டில் அவர் பெயரைச் செருகி கேலரிகள் பாடின.

இப்படிப் போய்வருவது நெடுநாள் நீடிக்கவில்லை. 2012 டிசம்பர் 30 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் ஒருநாள் ஆட்டம் ஒன்றை வென்றது. 2013 ஜனவரி 6 அன்று டெல்லி கோட்லாவில் நடந்த ஆட்டத்தை இந்தியா பத்து ரன்னில் வென்றது. அதோடு அந்தத் தொடர் முடிந்தது. அதற்குப் பிறகு இரு நாடுகளும் ஒன்றின் மண்ணில் இன்னொன்று வந்து தொடர் ஆடவில்லை. உலகக்கோப்பை போன்ற போட்டிகளுக்காக பாகிஸ்தான் வீரர்கள் எப்போதாவது வந்தார்கள். 2023இல் அவர்களுடைய ரசிகர்களுக்கு விசா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.