மொறுமொறுப்பும் புளிப்பும்: வீட்டில் ஒரு கோழி டாக்கோ

மொறுமொறுப்பு ஈரம் போனால்தான் வரும். புளிப்போ ஈரத்தோடு வரும். தேசிக்காய்ச் சாற்றிலும் வினாகிரியிலும் பெரும்பங்கு தண்ணீரே. இரண்டையும் ஒரே கடியில் சேர்க்கும் சாப்பாடு கோழி டாக்கோ. சேரும் வேளை வரும்வரை அவற்றைப் பிரித்து வைப்பதுதான் அதன் கைப்பக்குவம்.

மெக்ஸிக்கோவில் டாக்கோவுக்கு அடி, டோர்ட்டியா எனும் சோளன் ரொட்டி. முற்றிய சோளனைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவிட்டு, தோலைக் கழற்றி அரைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த முறையால் மா ஒட்டிக்கொள்ளும். சோளனில் கட்டுண்டிருக்கும் நயசின் உயிர்ச்சத்தும் உடலில் சேரும். சோளனை ஊருக்குக் கொண்டுபோன ஐரோப்பியர் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளனையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, நயசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பிடித்தது. டோர்ட்டியாவை மடித்துப் பொரித்த ஓடு வெகு பிந்தியது. அதைப் பொரிக்கும் கருவிக்கு, நியூயோர்க்கில் உணவகம் நடத்திய ஜுவென்சியோ மால்டொனாடோ 1950இல் காப்புரிமை பெற்றார்.

பொரளைச் சந்தியில் 'கோன் ஃபிளவர்' என்று கேட்டால் கிடைப்பது சோளனிலிருந்து பிரித்த வெறும் மாப்பொருள். அதில் ரொட்டி தட்ட வராது. வட மெக்ஸிக்கோவின் வழக்கப்படி கோதுமை மாவையே எடுக்கலாம். உப்பு, கொஞ்சம் எண்ணெய், சுடுநீர் விட்டுக் குழைத்து, அரை மணி நேரம் மூடி வைத்து, மிக மெல்லிசாக உருட்டுங்கள். பூரிபோல் உப்பாதிருக்க முள்ளுக்கரண்டியால் குத்திவிடுங்கள்.

தாச்சியில் எண்ணெய் 180 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும். ரொட்டியைப் போட்டதும் சீறி எழும் குமிழிகள், மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதைக் காட்டுகின்றன. இளகியிருக்கும்போதே இடுக்கியால் பாதியாக மடித்து, நடுவில் இடைவெளி விட்டுப் பிடியுங்கள். சீறல் அடங்கினால் ஈரம் தீர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பித்தட்டில் வடியவிடுங்கள். அடுக்கினால் ஆவி உள்ளேயே தங்கி ஓடு நமுத்துவிடும்.

கோழிக்குத் தொடை இறைச்சி நல்லது. உப்பு, மிளகாய்த்தூள், நற்சீரகத்தூள், உள்ளியோடு தேசிக்காய்ச் சாறு ஒரு கரண்டி போதும். புளி கூடினால் இறைச்சி சிவந்து மணக்கச் செய்யும் மயார் வினை மந்தமாகும். நெடுநேரம் ஊறினால் மேற்பரப்பு மசிந்துபோகும். பொரிக்கும் தறுவாயில் கோன் ஃபிளவரில் புரட்டுங்கள். அதில் குளூட்டன் இல்லாததால் மேலோடு இழுபடாமல் நொறுங்கும். உட்புறம் 74 பாகை எட்டவேண்டும்.

புளிப்பைத் தனியாகச் செய்யுங்கள். பம்பாய் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, தென்னங்கள்ளில் புளிக்கவைத்த வினாகிரியில் சீனியும் உப்பும் சேர்த்து ஊறவிட்டால், அதன் அந்தோசயனின் நிறமி அமிலத்தில் இளஞ்சிவப்பாக மாறும். தக்காளி, பச்சைமிளகாய், கொத்தமல்லி இலையைப் பொடியாக அரிந்து, உப்பிட்டு, ஊறும் நீரை வடித்துவிட்டுத் தேசிக்காய் பிழியுங்கள். மெக்ஸிக்கர் இதை டாக்கோவுக்கு வைக்கிறார்கள். நம் வீடுகளில் சோற்றுக்குச் சம்பலாக வரும்.

ஓட்டின் அடியில் உலர்ந்த கோவா, அதன்மேல் கோழி, உச்சியில் வெங்காயமும் சம்பலும். சாறு கீழே இறங்குமுன் கோவா கொஞ்ச நேரம் தாங்கும். கொழும்பின் ஈரக்காற்றில் வெறும் ஓடுகூட நெடுநேரம் நிற்காது. முன்கூட்டிப் பொரித்தால் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். கொத்துரொட்டியைப் பார்சல் கட்டலாம். டாக்கோவுக்கு ஆட்கள் முதலில் மேசைக்கு வரவேண்டும். நிரப்புவது அதற்குப் பிறகு.