திருமுழுக்கு நாளில் தாயின் முகம்



கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்திலோ, வெள்ளவத்தை புனித லோரன்ஸ் ஆலயத்திலோ திருமுழுக்கு நடைபெறும்போது எல்லோருடைய கண்களும் வெள்ளுடை அணிந்த குழந்தையின் மீதே இருக்கும். பிள்ளை யாருடைய சாயல் என்ற வழக்கு ஒருபுறம், புகைப்படக்காரரின் அவசரம் மறுபுறம். அவ்வேளையில் தாயின் முகத்தை ஒருமுறை உற்று நோக்குங்கள்.

முன்னைய காலத்தில் அம்முகம் பெரும்பாலும் அங்கே இருந்ததில்லை. பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குழந்தையை ஞானப்பெற்றோர் ஆலயத்துக்குக் கொண்டுசெல்வர். தாயோ வீட்டில் படுத்திருப்பார். 1969ஆம் ஆண்டு வெளிவந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்குமுறையே, தாயும் பங்குபற்றக்கூடியவாறு அவருடைய உடல்நலத்தையும் கருதி நாளைக் குறிக்குமாறு பணித்தது. சடங்கின் இறுதியில் தந்தைக்கு முன்பாகத் தாய்க்கே ஆசீர் வழங்கப்படுகிறது. அச்செபம் ஒலிக்கும்போது நம்மிற் பலர் படத்துக்கு வரிசையாக நிற்பதிலேயே கவனமாயிருக்கிறோம்!

பிள்ளைப்பேற்றின் பின் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வது; இரு வாரங்களுக்குள் தானாகவே தணிந்துவிடும். அதற்கு மேலும் துயரம் நீடித்து, குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராமல், 'நான் ஒரு நல்ல தாயில்லை' என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வளர்முக நாடுகளில் பிள்ளை பெற்ற தாய்மாருள் ஏறத்தாழ 20 வீதத்தினர் உளநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இது விசுவாசக் குறைவன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட வேண்டிய பாவமுமன்று.

ஊரில் என்றால் தாய்வீடு இருந்தது. சரக்குக்கறி காய்ச்ச ஒருவர், பிள்ளையை முழுகவார்க்க ஒருவர், இரவில் தூக்கி வைத்திருக்க இன்னொருவர். வெள்ளவத்தையின் அடுக்குமாடி ஒன்றில், தாயார் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருக்க, கணவர் வேலைக்குச் சென்ற பின் கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருக்கும் இளம் தாய்க்கு யார் இருக்கிறார்கள்? பார்க்க வருகின்ற நாமும், "பால் காணுமோ? பிள்ளை மெலிஞ்சு போச்சுதே!" என்று கேட்டுவிட்டுத் தேநீரையும் அவர் கையாலேயே வாங்கிக் குடித்துவிட்டு வருகிறோம். "கடவுள் தந்த செல்வத்தை வைத்துக்கொண்டு அழலாமா?" என்பது இன்னும் கொடியது. அவர் ஏற்கெனவே தன்னைத்தானே கேட்டுக் குமைந்துகொண்டிருக்கும் கேள்வி அது.

அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார் இறைவாக்கினர் எலியா. ஆண்டவருடைய தூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்புகிறார். எலியா உண்டு, மறுபடியும் உறங்கிவிடுகிறார். அதையும் அனுமதித்து, இரண்டாம் முறையும் உணவுடன் வருகிறார் தூதர். ஓரேபு மலையில் இறைவனின் மெல்லிய குரல் கேட்பதெல்லாம் அதற்குப் பின்னரே.

ஆகவே அடுத்த முறை செல்லும்போது சோறும் கறியும் கட்டிக்கொண்டு செல்லுங்கள். இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்திருந்து தாயை உறங்கவிடுங்கள். கணவன்மாரே, இரவில் ஒருமுறையேனும் நீங்கள் எழும்புங்கள். வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவ மாதிடம் தாயின் மனநிலையையும் மறைக்காது சொல்லுங்கள். 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட வினாக்கொத்து தமிழிலும் உண்டு; விடையளிக்கச் சில நிமிடங்களே செல்லும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே வைத்தியரின் ஆலோசனைப்படி உட்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.

தாய் தன்னையோ பிள்ளையையோ மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால், நேர்த்திக்கடன் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாது அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். செபமாலையை வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் சொல்லலாம்.