சுட்ட பின் கிடக்கும் ஈயம்

துவக்கிலிருந்து புறப்பட்ட சன்னம் இலக்கைத் தொட்டதா, தவறியதா என்பதோடு சுடுபவனின் கவனம் முடிந்துவிடுகிறது. அச்சன்னம் பின்னர் எங்கே வீழ்ந்தது, வீழ்ந்த இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. அச்சிலர் கேட்ட கேள்வியிலிருந்து மேலைநாடுகளில் ஒரு தொழிலும் ஒரு வழக்கும் பிறந்துள்ளன. பல ஆண்டுகள் இரசாயனம் கற்பித்தவன் என்ற முறையில் அவ்விரண்டும் என் சிந்தையைக் கவர்ந்தவை. அவற்றை இங்கே சொல்ல விழைகிறேன்.

ஈயம் என்று நாம் பொதுப்படச் சொல்லினும், பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. சன்னம் வார்க்கும் காரீயம் வேறு. காரீயம் நீரினும் பதினொரு மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது. 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடுவது. கனமும் மென்மையும் எளிதில் உருகும் இயல்பும் ஒருங்கே அமைந்தமையால், சன்னத்துக்கு இதனை விஞ்சிய உலோகம் இல்லையென வேட்டுவர் கொண்டனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஈயத் தொழிலாளர் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782ஆம் ஆண்டில் ஒரு புதுமுறைக்கு உரிமம் பெற்றார். உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே சொரிந்தால், வீழும்போதே மேற்பரப்பு இழுவிசையால் துளிகள் உருண்டையாகும். கீழே உள்ள தண்ணீரில் குளிர்ந்து இறுகும். சிறிது ஆசனிக்குச் சேர்த்தால் உருண்டை செவ்வையாக அமையும். தம் வீட்டின் மீதே அவர் இதற்கென எழுப்பிய கோபுரம் 1968ஆம் ஆண்டுவரை நின்றது.

இன்று இச்சன்னங்கள் பெருவாரியாகச் செலவாகும் இடங்களுள் ஒன்று குறிசூட்டுத் திடல். முன்னாளில் உயிர்ப்புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர்; பின்னர்க் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டனர். 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜோர்ஜ் லிகாவ்ஸ்கி சுட்ட களிமண் தட்டினை அறிமுகப்படுத்தினார். கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து செய்யும் இற்றைநாள் தட்டையும் 'களிமண் புறா' என்றே அழைக்கின்றனர். உயிர்ப்புறா பிழைத்தது, ஆயினும் ஈயமழை ஓயவில்லை.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒலிம்பிக் விதிப்படி ஒரு தோட்டாவில் இருக்கத்தக்க ஈயம் 24 கிராம். கடுகினும் சற்றுப் பெரியனவாய், மிளகினும் சிறியனவாய், ஏறத்தாழ 300 சன்னங்கள் அதில் அடங்கும். ஒரு சுற்றுக்கு 25 தட்டுக்கள். தட்டுக்கு ஒரு வேட்டெனக் கொண்டாலும் ஒருவர் ஒரு சுற்றில் 600 கிராம் ஈயத்தை வெளியில் இறைத்துவிடுகிறார். நாற்பது பேர் நான்கு சுற்று வீதம் சுட்டால் அன்றைய நாளில் மட்டும் 96 கிலோகிராம்! தட்டை உடைக்கப் பயன்படுவன சில சன்னங்களே. எஞ்சியவை பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றர் தொலைவில் புல்லிலே போய் விழும்.

விழுந்த ஈயத்தை மண் செரிப்பதில்லை. இலை மக்கும், மரம் மக்கும், இரும்புகூடத் துருவாய் உதிரும். ஈயத்தின்மீதோ வெண்ணிறக் காபனேற்றுப் படை ஒன்று போர்த்துக்கொள்ளும். மண் புளிப்பற்றதாயின் அப்போர்வை அதனை ஓரளவு காக்கும். புளிப்பு மண்ணிலும் மழையிலும் அது கரைந்து, மேல்மண்ணில் ஊறி, சில இடங்களில் நீரையும் சேரும். நீர்ப்பறவைகளுக்கு நேரும் இடரோ இன்னும் கொடிது. இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குவது அவற்றின் இயல்பு. கல்லென்று எண்ணிச் சன்னத்தை விழுங்கிய வாத்தின் தசைமிகு இரைப்பை அவ்வீயத்தை அரைத்து அரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. பறவை மெலிந்து மடிகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் ஈயம் குன்றச் செய்யும். தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

இனி அவ்வழக்கைக் காண்போம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஸ்ட்ராட்பர்ட் என்னும் ஊரின் கடல்முனையில் ரெமிங்டன் நிறுவனத்தின் குறிசூட்டுக் கழகம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அங்கே சுட்டவர்களின் சன்னங்கள் நிலத்திலும் கடலோர நீரிலும் வீழ்ந்தன. 1986இல் ஈயச்சூடு நின்றபோது அங்கே கிடந்தது ஏறக்குறைய 2,400 தொன் ஈயம்; அதனோடு 1 கோடியே 10 இலட்சம் இறாத்தல் தட்டுச் சிதைவுகள். கரையோர மீனவர் சங்கம் ஒன்று நீதிமன்றம் சென்றது. சுடுவதற்காகச் செய்த பொருளைச் சுட்டது குப்பை எறிந்ததாகுமா என்பதே வினா. 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தம் பணி முடிந்த பின்னும் நெடுங்காலம் குவிந்து கிடக்கவிடப்பட்டவை கைவிடப்பட்ட கழிவே.

இத்தீர்ப்பினுள் ஆழ்ந்த ஓர் உண்மை உண்டென்பது என் கருத்து. ஒரு பொருளைக் கழிவாக்குவது அதன் இயல்பன்று. அதனைத் திரும்பிப் பாராத நம் செயலே. அதே சன்னத்தை உரிய காலத்தில் திரட்டி மீள்பயனுக்கு அனுப்பினால், அமெரிக்கச் சட்டம் அதனைப் பழைய உலோகம் என்றே கொள்கிறது. அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2001இல் திடல்களுக்கென வெளியிட்ட கைந்நூலும் இதனையே வற்புறுத்துகிறது: மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்பிட்டுத் தணியுங்கள், ஈயத்தைக் காலந்தோறும் வாரி எடுங்கள்.

வாரும் முறை நம் அடுக்களை அறியாததன்று. சன்னங்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே கிடக்கும். வாரியால் அள்ளியோ, பொறியால் உறிஞ்சியோ மண்ணோடு திரட்டுவர். முதற் சல்லடை கல்லையும் வேரையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது மணலைக் கீழே விட்டுச் சன்னத்தைத் தாங்கும். எஞ்சிய சருகையும் பதரையும் காற்று ஓட்டிவிடும். சுளகிற் புடைக்கும் நம் பெண்களின் கைவண்ணம் அது. ஈர மண்ணாயின் நீரோட்டத்தில் அலசுவர். மணலின் அடர்த்தி இரண்டரை மடங்கே. ஈயத்தினது பதினொரு மடங்கு. ஆகவே மண் மிதந்தோட ஈயம் தங்கும். அரிக்கன்சட்டியிலே அரிசி மேலே செல்லக் கல் அடியில் நிற்பதும் இதே விதியாலன்றோ?

திரட்டியதைச் சரிவான பலகையில் உருட்டுவர். உருண்டை குலையாதவை விரைந்தோடி இடைவெளியைத் தாண்டும். நசுங்கியவை தயங்கி வீழ்ந்துவிடும். முன்னவை காரீயகம் பூசப்பெற்று மீண்டும் தோட்டாவுள் புகும். பின்னவை உலைக்குச் செல்லும். எத்தனை முறை உருக்கினும் ஈயம் தன் குணம் இழப்பதில்லை. நேற்றைய சன்னம் நாளை மோட்டார் வண்டியின் பற்றரித் தகடாகலாம். எனினும் வாருபவர் கருத்தோடிருத்தல் வேண்டும். உலர்ந்த தூசியை மூச்சில் இழுத்தலும், கை கழுவாது உண்ணலும், தூசி படிந்த ஆடையோடு வீடு புகுதலும் ஆகா. நிலத்தைத் தூய்மை செய்யச் சென்றவன் தன் குழந்தைக்கு நஞ்சு சுமந்து செல்லலாகாது.

மீட்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லேன். சதுப்பிலும் அடர்ந்த மரங்களிடையிலும் வீழ்ந்ததை எடுத்தல் அரிது. கரைந்து மண்ணோடு கலந்துவிட்ட ஈயத்தை எந்தச் சல்லடையும் பிரிக்காது. ஆதலாற்றான் டென்மார்க் 1996இல் ஈயச் சன்னத்தையே விலக்கியது; நீர்ப்பறவை வேட்டையில் அமெரிக்கா 1991இலும், ஈரநிலங்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2023இலும் அதனைத் தடுத்தன. ஆயினும் முன்னரே வீழ்ந்து கிடப்பது தடையால் மறைந்துவிடாது. அதனை எவராவது குனிந்து எடுத்தே ஆகவேண்டும்.

ஈயத்தின் விலை ஏறும்போது மட்டும் குனிபவர் வணிகர். விலை இறங்கினும் குனிய வேண்டுமென்பதே அந்த மீனவர்கள் நீதிமன்றத்தில் கேட்டது. ஒரு தட்டை உடைத்துக் கைதட்டல் பெறுவது ஒரு கணத்து வேலை. இறைத்ததை வாருவதோ பல நாளைய உழைப்பு. அவ்வுழைப்பையும் ஆட்டத்தின் பகுதியாகவே கொள்ளும் திடல்தான் தன் நிலத்தை அடுத்த தலைமுறைக்கு நாணமின்றிக் கையளிக்க முடியும்.