தண்ணீரும் மூன்று பிழை பொறுக்கும்

"தண்ணீரும் மூன்று பிழை பொறுக்கும்" என்பது எம் முன்னோர் வாக்கு. நீரில் தவறி வீழ்ந்தவன் மூன்று முறை மேலே வருவான் என்று இதற்குப் பொருள் கூறுவர். ஆனால், பலாங்கொடைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் லயத்துக் காம்பராவை விட்டுத் தனிவீடு புகுந்த எமக்கு, இம் முதுமொழி வேறொரு பொருளை உணர்த்திற்று. குடிபுகுந்த முதலாண்டிலேயே தண்ணீர் விடயத்தில் நாம் மூன்று பிழைகளைச் செய்து முடித்தோம். அவற்றை ஒளியாது கூறினால், எம்மைப் போல் லயத்தை விட்டுப் புதுவீடு செல்லும் குடும்பங்களுக்கேனும் பயன்படும்.

லயத்து வாழ்வில் தண்ணீர் என்றால் பீலிதான். மலையூற்றின் நீர் வந்து விழும் அவ்விடத்தில் குடம் நிரப்புவதும் குளிப்பதும் துணி வெளுப்பதும், ஊர்ச் செய்தி அனைத்தும் பரிமாறப்படுவதும் ஒருங்கே நடைபெறும். அங்கே நெரிசல் உண்டு. சில வேளைகளில் சண்டையும் உண்டு. எனினும் ஒரு நன்மை இருந்தது. பீலி உடைந்தால் எல்லோர் கண்ணிலும் படும். நீர் மெலிந்தால் யாரேனும் ஒருவர் மலையேறி, அடைத்த சருகை அள்ளிவிட்டு வருவார்.

7 பேர்ச் காணியில் தனிவீடு என்று வந்ததும் தண்ணீர் சுவருக்குள் மறைந்துவிட்டது. சமையலறையில் ஒரு குழாய், குளியலறையில் ஒரு குழாய், வெளியே மேடையின்மீது 500 லீட்டர் கொள்ளும் தாங்கி. திருகினால் வரும், மறுபடி திருகினால் நிற்கும் என்பதற்கு மேல் நாம் எதையும் அறியோம்.

முதற் பிழை, குழாய் பதித்ததிலேயே நேர்ந்தது. ஊற்றருகேயுள்ள சேமிப்புத் தொட்டியிலிருந்து எமது வீட்டுக்குக் குறுக்கு வழியாகக் குழாயைக் கொண்டுவந்தோம். வழியில் ஒரு சிறு மேடு இருந்தது. அதன்மேல் குழாயை ஏற்றி இறக்கினோம். தொட்டியோ நிறைந்திருந்தது, வீட்டிலோ ஒரு சொட்டும் இல்லை. இரண்டு நாள் அடைப்பைத் தேடிக் களைத்தபின், தோட்டத்துக் குழாய் வேலைகளில் பழகிய முதியவர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, தண்ணி வராம இல்ல. காத்துதான் வழிய விடமாட்டேங்குது!"

குழாயினுள் இருக்கும் காற்று நீரைவிட இலேசானது. ஆகவே உயர்ந்த வளைவிலே போய்த் தங்கிவிடுகிறது. பின்னால் வரும் நீருக்கு அதனைத் தள்ளப் போதிய வேகம் இல்லாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். முதியவர் மேட்டின் உச்சியில் ஒரு சிறு திருகியைப் பொருத்தித் திறந்தார். 'புஸ்' என்று காற்று வெளியேறிற்று. நீர் ஓடி வந்தது. ஏற்ற இறக்கமின்றி ஒரே சரிவாகக் குழாயைப் பதிக்க வேண்டும், அது இயலாத இடத்தில் காற்றுக்கு ஒரு வாயில் வைக்க வேண்டும் என்பதே நாம் கற்ற முதற் பாடம்.

இரண்டாம் பிழை, நள்ளிரவில் எம்மை எழுப்பிற்று. பகல் முழுதும் ஒழுங்காக இருந்த பொருத்து ஒன்று, ஊர் உறங்கும் வேளையில் கழன்று முற்றத்தைக் குளமாக்கியது. பேயின் சேட்டை என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். காரணம் பேயன்று, உயரமே. 10 மீற்றர் உயரமுள்ள நீர், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின் மீதும் ஏறக்குறைய 1 கிலோகிராம் எடையால் அழுத்தும். எமது வீட்டுக்கும் தொட்டிக்குமிடையே சுமார் 40 மீற்றர் உயரம். ஆகவே 4 கிலோகிராம் அழுத்தம். பகலில் நீர் ஓடும்போது குழாயின் உட்புறத்தோடு உராய்ந்து அதில் ஒரு பகுதியை இழந்துவிடும். இரவில் எல்லோரும் குழாயை மூடியதும், முழு அழுத்தமும் பொருத்துகளின்மீது வந்து நிற்கும். நாமோ ஈரக் குழாயிலே பசையைப் பூசி, அது இறுகுமுன் நீரைத் திறந்திருந்தோம்!

கடைகளிலே வாங்கும் பீ.வீ.சீ. குழாயின்மேல் 400, 600, 1000 என்ற எண்கள் அச்சிடப்பட்டிருப்பதை மாணவர்கள் கவனித்திருக்கலாம். அவை கிலோபஸ்கால் அளவில் அது தாங்கக்கூடிய அழுத்தத்தைக் குறிப்பன. 40 மீற்றர் உயரம் ஏறக்குறைய 400 கிலோபஸ்கால் ஆதலால், 600 என்று குறித்த குழாயை வாங்குவதே அறிவுடைமை.

மூன்றாம் பிழையை நினைக்கையில் இன்றும் நாணுகிறோம். தாங்கி நிறைந்ததும் நீரை நிறுத்துவதற்கு அதனுள்ளே மிதக்கும் பந்தொன்று உண்டு. அது பழுதாகி நீர் வழிவதை நாம் கண்டிருந்தும், "நாளை பார்ப்போம்" என்று இருந்துவிட்டோம். அது ஊற்று மெலிந்திருந்த வறண்ட காலம். இரவில் அனைவரும் குழாயை மூடியிருக்கும்போதுதான் சேமிப்புத் தொட்டி சிறிது சிறிதாக நிறையும். அந்த நீர் முழுவதும் எமது தாங்கி வழியாக வழிந்தோடிவிட்டது. விடியற்காலையில் கீழ் லயத்துப் பாட்டியார் வெறுங்குடத்துடன் மேலே ஏறி வந்தார்.

"ஏம்மா, பீலியில சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா எங்க காம்பரா பின்சுவத்துல ஊத்துப் பொங்குது. அது யாரு வீட்டுத் தண்ணி?"

ஏசியிருந்தாலும் பொறுத்திருப்போம். அக் கேள்விக்குத்தான் எம்மிடம் விடை இல்லை. கீழே சென்று பார்த்தோம். லயத்தின் பின்னாலுள்ள மண்மேடு நனைந்து, அடியிலே சேறாக இளகியிருந்தது. நீர் ஊறிய மண் பாரம் கூடிப் பிடிப்பை இழக்கும் என்பதைச் சப்ரகமுவ மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி, பெருமழையினால் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சமசர மலை சரிந்து, குடியிருப்புகளை மூடியதை மறந்தவர் யார்? எமது தவறு மழைக்காலத்தில் நேர்ந்திருப்பின் என்னாகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சினோம்.

ஒழுகும் நீர் மறைந்து போவதில்லை. யாரிடமேனும் போய்ச் சேருகிறது. இதற்குச் சான்று பலாங்கொடைக்கு அண்மையிலேயே உண்டு. வளவை கங்கையை மறித்து, 120 மெகாவாற் மின்சாரம் பெறுவதற்காகக் கட்டப்பட்ட சமனலவெவ நீர்த்தேக்கத்தில், 1992ஆம் ஆண்டு வலக்கரையில் பெருங்கசிவு ஒன்று வெடித்துக் கிளம்பியது. அப்பகுதியில் நிலத்தடியிலுள்ள சுண்ணக்கற் பாறையின் பொந்துகளே அதற்குக் காரணம். 1998இல் நீருக்கடியில் மண்ணைக் கொட்டி அடைக்க முயன்றும் கசிவு முற்றாக நிற்கவில்லை. விநாடிக்குச் சுமார் 2,000 லீட்டர் என்று கணிக்கப்பட்ட அந்நீர், வீணாகாமல் கீழேயுள்ள கல்தோட்டை வயல்களுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. அங்கே கசிந்த நீர் உழவருக்கு உதவிற்று. எம்மிடமிருந்து வழிந்த நீரோ அயலவரின் சுவரை அரித்தது.

அன்றே பந்தை மாற்றினோம். மேலதிக நீர் மண்ணில் ஊறாமல், கல் பதித்த கானுக்குச் செல்லும்படி குழாய் வைத்தோம். வாரத்தில் ஓரிரவு தாங்கிக்கு வரும் வழியை அடைத்து, எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தைக் கரியால் குறித்துக்கொள்கிறோம். காலையில் அது இறங்கியிருந்தால் எங்கோ ஒழுக்கு உண்டென்பது பொருள். பத்து நிமிடத்துக்கு ஒரு லீட்டர் ஒழுகினாலும் ஒரு நாளில் 144 லீட்டர் போய்விடும் என்று கணக்கிட்டுச் சொன்னவன் எமது வீட்டுச் சிறுவன்.

சருகு அள்ள மலையேறும் முறையில் இப்போது கீழ் லயத்தாரோடு நாமும் சேர்ந்துகொண்டோம். தண்ணீர் எமது மூன்று பிழைகளைப் பொறுத்தது உண்மைதான். மூன்றாவதைப் பொறுத்தவர் பாட்டியார். அவர் மறுபடியும் வெறுங்குடத்துடன் மேடேறி வரலாகாது என்பதற்காகவே, ஒவ்வோர் இரவும் விளக்கணைக்குமுன் தாங்கியைப் போய்ப் பார்த்து வருகிறோம்.