இதயக் குழாயும் இடுப்பளவும்

"மூணு இடத்துல அடைப்பு. ஒண்ணுல எண்பது பர்சன்ட்." ஆஞ்சியோ முடிந்ததும் உறவினர்கள் போனில் சொல்லிக்கொள்வது இப்படித்தான். புதுச்சேரியில் இந்தப் பேச்சு கோரிமேட்டு ஜிப்மரைச் சுற்றி அதிகம் கேட்கும். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்த மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். குழாய் எங்கே, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை ஆஞ்சியோ காட்டிவிடும். ஏன் சுருங்கியது என்று தெரிய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்க வேண்டும். தையற்காரரின் அளவு நாடாவும் வேண்டும்.

இந்த ஊருக்கு அந்தக் கேள்வி மிக முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. இந்தியாவில் 20 வயதைக் கடந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், புதுச்சேரியிலோ 26.3 சதவீதம். கோவா மட்டுமே 26.4 என்று ஒரு மயிரிழை முந்தியிருந்தது. நாலு பேரில் ஒருவருக்கு மேல்!

சர்க்கரை தனியாக வருவதில்லை. தொந்தி, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் ஏற்றம், எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பின் இறக்கம் எல்லாம் கூட்டாக வருகின்றன. இவற்றுக்குப் பின்னால் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு என்று 1988-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் எடுத்துச் சொன்னார். அதாவது, உடம்பில் இன்சுலின் சுரக்கிறது. தசையும் ஈரலும் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படிந்த கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் கசிந்து நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரல் அவற்றை டிரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. ஓடும் ரத்தத்திலேயே கொழுப்புத் துகள்கள் தம் சரக்கை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்கின்றன. அந்தப் பரிமாற்றத்தின் முடிவில் எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறுத்து இறுகுகின்றன. சிறுத்தவை குழாய்ச் சுவருக்குள் சுலபமாக நுழைந்து தங்கிவிடும். அங்கே வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி உப்பிப்போகின்றன. அடைப்பு என்கிறோமே, அதன் விதை இதுதான். எல்டிஎல் அளவு சுமாராகத் தெரியும் ஒருவரின் ரத்தத்திலும் இப்படிப்பட்ட சிறிய துகள்கள் நிறைய இருக்கலாம். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துத் தாளை மடித்து வைத்துவிடக் கூடாது.

"நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு புகைப்படத்தைக் காட்டலாம். 2004-ல் லான்செட் இதழில் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் உடல்வாகை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்பேன். கையும் காலும் மெலிந்திருக்க, கொழுப்பு உள்ளே சேர்கிறது. அதனால்தான் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2005-ல் தெற்காசியர்களுக்கென்று இடுப்பளவின் எல்லையைத் தனியே வகுத்தது: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அளக்க வேண்டியது வேட்டி கட்டும் இடத்தில் அல்ல; கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில்.

இதயக் குழாய் இதையெல்லாம் வெகுகாலம் பொறுத்துக்கொள்கிறது என்பதுதான் என்னை வியக்க வைப்பது. சுவரில் கொழுப்பு படியப் படிய, குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுத்து உள்வழியைக் காப்பாற்றுகிறது. சிகாகோவில் சீமோர் கிளாகோவ் குழுவினர் 136 இதயங்களை ஆராய்ந்து 1987-ல் இதை எழுதினார்கள். படிவு ஏறத்தாழ 40 சதவீத இடத்தைப் பிடிக்கும் வரை ரத்தம் ஓடும் வழி குறைவதில்லை. அதுவரை வலி இல்லை, ஆஞ்சியோவிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்படி ஒளிந்திருக்கும் படிவு வெடித்தாலும் மாரடைப்பு வரும். ஸ்டென்ட் என்ற வலைக்குழாய், சுருங்கிய இடத்தைத் திறந்து வைக்கிறது. மற்ற இடங்களைக் காப்பது மருந்தும் உணவும் நடையும்தான்.

நடைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சொல் எடுபடாத உடம்பிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை புதுச்சேரிக்காரர்களுக்கு வாய்த்த நல்ல வசதி. மாரடைப்பு வந்தவர்கள் மட்டும் எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சுவீடனில் மாரடைப்பு வந்த 181 பேரை ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் முன்பு சர்க்கரை நோய் இருந்ததாகத் தெரியாது. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைப் பார்த்தபோது, மூன்றில் இருவருக்குச் சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ இருந்தது. "எனக்குச் சுகர் இல்லை" என்று சொல்லிக்கொண்டே ஸ்டென்ட்டோடு வீடு திரும்பியவர்கள், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இந்தப் பரிசோதனையைக் கேட்கலாம்.