சீனத்துத் தட்டிக்குச் சோழமண்டலப் பெயர்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், பரங்கிமலை, சைதாப்பேட்டை எல்லாம் தாண்டி, கோட்டை நிலையத்தில் இறங்கலாம். அங்கே உள்ள புனித ஜார்ஜ் கோட்டைக்கும், சீனத்துக் கைவினைஞர்களுக்கும், பாரிஸ் நகரத்துச் சீமாட்டி ஒருவரின் வீட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

அது என்ன தொடர்பு? ஒரு மரத் தட்டி!

ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலை மறைக்க மடிப்புத் தட்டி வைப்பார்களே, அந்த மாதிரிதான். ஆனால் இது பெரும்பாலும் 12 பலகைகள் கொண்டது. ஆள் உயரத்தைவிட உயரம். கன்னங்கரேல் என்று பளபளக்கும். அரண்மனை, தோட்டம், பறவை, பூமரம் எல்லாம் அதில் வண்ண வண்ணமாய்த் தெரியும்.

இதன் பெயர் 'கோரமண்டல் தட்டி'. கோரமண்டல் என்பது வேறொன்றும் இல்லை, நம் சோழமண்டலமே! வெள்ளைக்காரர் நாவில் அப்படித் திரிந்துவிட்டது. வங்காளத்துக்குப் போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கும் அதே பெயர்தான்.

அப்படியானால் இது நம் ஊரில் செய்ததா? இல்லை. ஒரு பலகைகூட இங்கே செய்ததில்லை!

உளியும் வண்ணமும்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காங்சி சக்கரவர்த்தி ஆண்ட சீனாவில் இவை செய்யப்பட்டன. பலகைமேல் கெட்டியாக ஒரு பூச்சு. அதன்மேல் ஒருவகை மரத்தின் பாலைப் பல தடவை பூசுவார்கள். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. பிறகு படத்தைச் செதுக்கி, பள்ளத்தில் வண்ணம் நிரப்புவார்கள். பெரிய அதிகாரிகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவை பல. பின்பக்கம் வாழ்த்து இருக்கும். பெற்றவர் பெயர் இருக்கும். செய்தவர் பெயர் தெரிவது அபூர்வம்!

இந்தச் சரக்கு சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. சென்னைக்கு அப்போது துறைமுகம் ஏது? கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கைக் கொண்டுபோகும். கப்பல் எந்தக் கரையிலிருந்து வந்ததோ, அந்தக் கரையின் பெயர் தட்டிக்கு ஒட்டிக்கொண்டது.

சீனச் சரக்கால் சென்னைக்கு வந்த செல்வமும் கொஞ்சமல்ல. பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டிய அர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான், மணிலாவோடு வணிகம் செய்தவர். மணிலாச் சந்தையில் சீனச் சரக்கு வந்து குவியும். 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே.

தலைகீழ் மனிதர்கள்!

சீமைக்குப் போன தட்டிகளின் கதி என்ன? பலவற்றை ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள்! அலமாரி, பெட்டி, கண்ணாடிச் சட்டம் எல்லாம் செய்தார்கள். படத்தைப் பார்த்தா அறுத்தார்கள்? மனிதர்கள் தலைகீழாய் நின்றார்கள். மரங்கள் படுத்துக் கிடந்தன. 1688ல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஒரு புத்தகம் போட்டு, இந்தக் கூத்தைக் கேலி செய்தார்கள்.

அதே புத்தகம், சீனா, ஜப்பான் சாமான்களைப் போலவே வீட்டில் செய்வது எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தது. அந்த மரம் ஐரோப்பாவில் இல்லை. அதன் பாலோ வழியிலேயே இறுகிவிடும். அதற்குப் பதிலாக எதைப் பூசினார்கள் தெரியுமா? இந்தியாவிலிருந்து போன அரக்கை! அதைச் சாராயத்தில் கரைத்துப் பூசினார்கள். நம் நாட்டுப் பொருள் துளியும் இல்லாத தட்டிக்கு நம் கரையின் பெயர். நம் அரக்கால் மின்னிய சீமை அலமாரிக்கோ, 'ஜப்பான் வேலை' என்று பெயர்!

கவர்னர் வீட்டுத் திரை

1687 முதல் 1692 வரை சென்னைக் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். 1680ல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அவருடையதுதான். பிறகு சீமைக்குத் திரும்பினார். அவரிடம் இருந்த சுவர்த் திரைகள் லண்டனில் ஜான் வாண்டர்பாங்க் பட்டறையில் நெய்தவை. கறுத்த பின்னணியில் சின்னச் சின்னத் தீவுகள் போல மனிதர்கள், மண்டபங்கள், மரங்கள். அப்படியே தட்டியின் சாயல்! சீனரும் இந்தியரும் அதில் கலந்து நிற்கிறார்கள். இதற்குச் சீமையில் 'இந்தியப் பாணி' என்று பெயர். கிழக்கே எது இருந்தாலும் அவர்களுக்கு இந்தியாதான்!

பாரிஸ் சீமாட்டி யார் என்று சொல்லவில்லையே. உடை அலங்காரத்தில் உலகப் புகழ் பெற்ற கோகோ ஷனெல். கம்போன் தெருவில் தம் கடைக்கு மேலே இருந்த வீட்டில் கோரமண்டல் தட்டிகளை வரிசையாக நிறுத்தி, சுவரையே மறைத்துவிட்டார். 1971ல் அவர் காலமானார். 2007ல் அவருடைய கம்பெனி ஓர் அத்தரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர், 'கோரமண்டல்'!