டீ குடித்தது நால்ரோட்டில், ஸ்டேட்மென்ட்டில் யாருடைய பெயர்? தெரியுமா?

அவிநாசிபாளையம் நால்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் பேக்கரியில் ஒரு டீ, ஒரு பப்ஸ். ஸ்கேன் பண்ணி 35 ரூபாய் போட்டாயிற்று. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் பேக்கரி பெயரையே காணோம்! முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பெயர் நிற்கிறது. “ஏனுங்க, இந்தம்மாவுக்கு நான் எப்பங்க பணம் போட்டேன்?”

பேங்குக்குக் கடையின் போர்டு தெரியாது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்! ஓனர் வீட்டம்மா பெயரில் கணக்கு இருந்தால் அவர் பெயர்தான் வரும். பணம் போடும் முன்பே இந்த நிஜப் பெயரை யுபிஐ ஆப்கள் காட்டியாக வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ உத்தரவு போட்டு, 2025 ஜூன் 30 வரை கெடு கொடுத்தது தெரியுமா? பின் நம்பரை அழுத்தும் முன் திரையில் வரும் பெயரை ஒரு முறை படித்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை!

பெரிய கடைகளின் கூத்து இன்னும் பெரிது. டிமார்ட்டை நடத்துவது அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். ஜூடியோவில் சட்டை எடுத்தால் பணம் போவது டாடாவின் ட்ரென்ட் கம்பெனிக்கு. டோமினோஸ் பீட்சாவுக்கு ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். கேஎஃப்சி சிக்கனுக்கு ஊரைப் பொறுத்து தேவயானி இன்டர்நேஷனல் அல்லது சஃபையர் ஃபுட்ஸ்! ஸ்விக்கியின் பதிவுப் பெயர் 2024 வரை பண்டல் டெக்னாலஜிஸ். ஸ்டேட்மென்ட்டில் இவற்றில் எது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். திருப்பூர்க்காரர் இதற்கெல்லாம் மலைக்கலாமா? பவர்டேபிளில் தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு அனுப்புகிற டி-சர்ட்டின் கழுத்து லேபிளில் நம்மூர் கம்பெனி பெயரா இருக்கிறது? ஐரோப்பாவில் இருக்கிற ஏதோ ஒரு கடையின் பெயர்தானே!

கார்டு தேய்த்தால் பெயர் ஏன் பாதியில் அறுந்து நிற்கிறது? கடையின் பெயர், ஊர், நாடு எல்லாம் சேர்த்து அந்தத் தகவலுக்கு ஒதுக்கிய இடமே மொத்தம் 40 எழுத்து! விசா கார்டில் பெயருக்கு 25, ஊருக்கு 13, நாட்டுக்கு 2. ‘ஸ்ரீ’யில் ஆரம்பித்து ‘அண்ட் சன்ஸ்’ வரை போகிற நம் ஜவுளிக்கடைப் பெயர்கள் அதில் எப்படி அடங்கும்? ஆன்லைனில் வாங்கினால் கடைக்குப் பதிலாக ரேஸர்பே, பில்டெஸ்க் என்று நடுவில் பணத்தைக் கைமாற்றுகிற நிறுவனத்தின் பெயர் வருவதும் உண்டு.

யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணுக்குள் தேதி ஒளிந்திருப்பது தெரியுமா? பல ஆப்களில் முதல் இலக்கம் வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2025-இல் 5104 என்று தொடங்கினால் 104-ஆம் நாள், ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்! எல்லா ஆப்பிலும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் ‘அன்றைக்கு எங்கே இருந்தோம்’ என்று யோசிக்க ஒரு நூல் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு வேறு. கடை பில்லின் தலையில் 15 எழுத்தில் ஒரு ஜிஎஸ்டி எண் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? தொடக்கத்தில் 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்தும் ஓனரின் பான் எண்! அந்தப் பானின் நான்காவது எழுத்து ‘பி’ என்றால் தனி நபர், ‘எஃப்’ என்றால் பார்ட்னர்ஷிப், ‘சி’ என்றால் கம்பெனி. முழு எண்ணையும் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் போர்டில் இருக்கும் பெயரும் சட்டப்படியான பெயரும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

மே கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருக்கிறதா? கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். அது நீங்களே எப்போதோ கையெழுத்துப் போட்ட ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளின் வருட பிரீமியம்!

எதைத் தட்டியும் பிடிபடவில்லையா? அப்போது காத்திருக்கக் கூடாது. பேங்க் மேலும் தவறில்லாமல், உங்கள் மேலும் தவறில்லாமல் வெளியாள் திருடியிருந்தால், 3 வேலை நாளுக்குள் பேங்குக்குச் சொன்னவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. மோசடி என்று பட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

ஃபாஸ்டேக் தனி ரகம். அவிநாசியில் கிளம்பி திருப்பூர் வழியாக அவிநாசிபாளையம் வந்து சேரும் 381-ஆம் எண் நெடுஞ்சாலையில் வேலம்பட்டி டோல்கேட் இருக்கிறது. வண்டி வீட்டு வாசலிலேயே நிற்க, அங்கே பணம் பிடித்ததாக மெசேஜ் வந்தால், அதைக் கேட்க வேண்டிய இடம் டேக் கொடுத்த பேங்க், இல்லையென்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033.